என் மூக்கைப் பாருங்கள்

மோல்மேன் மேல்கடைத்தெருக் கண்ணாடிக் கடையில்
நாள் முழுக்க இதைத்தான் சொல்கிறேன்:
நேராக, என் கண்ணைப் பாருங்கள்.
கூச்சப்படுகிற ஆண்களுக்கு,
சரி, என் மூக்கைப் பாருங்கள்.
இரண்டு பாவைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்
என்று ஸ்கேல் வைத்து எழுதிக்கொள்வேன்.
பிக்குகள் வந்தால் மட்டும் முதலாளி எழுந்து வருவார்.
மற்றபடி படகுக்காரர்கள், ரப்பர்த் தோட்டத்துக் கணக்கர்கள்,
கடன் சொல்லிவிட்டுத் திரும்பி வராதவர்கள்கூட
ஒரு நிமிஷம் பார்த்துவிடுவார்கள்.

அண்ணன் மகனுக்குப் பதினாலு மாதம்.
அவன் பார்ப்பதில்லை.

இல்லை, அது பொய்.
கரண்ட் போனதும் மின்விசிறியின் கடைசிச் சுற்றைப் பார்க்கிறான்.
பக்கத்து வீட்டு ஜெனரேட்டருக்கு
டம்ளர் தண்ணீர் நடுங்குவதைப் பார்க்கிறான்.
கொசுவலையில் ஒரு கண்ணை விட்டு அடுத்த கண்ணை
விரல் வைத்துப் பார்க்கிறான்.
குறுக்கே என் முகம் வந்தால்
அதைத் தாண்டிப் பார்க்கிறான்.

பெயர் இரண்டு வைத்திருக்கிறோம்.
கோயிலில் சொல்லக் குமரவேள்.
பதிவேட்டுக்கு, திங்கட்கிழமைப் பிள்ளை என்பதால், கௌங் கான்.
ஞாயிறு மதியம் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து
இரண்டையும் கூப்பிட்டேன்.
முதலில் மெதுவாக,
பிறகு தெருமுனைவரை கேட்கிற குரலில்.
வேளு. கௌங் கான். வேளுக்குட்டி.
அவன் பாட்டில் மூடியைத் தரையில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

எழுந்து போய்
அடுக்களையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன்.
சரசரப்புக்குத் தவழ்ந்து வந்தான்.
பாக்கெட்டிடம் வந்தான்.
என் கையைக் கதவுக் கைப்பிடி மாதிரி பிடித்து
அதன்மேல் வைத்தான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காது கேட்கிறதே என்று.
காது கேட்கிறது என்பது
கொஞ்சம் கழித்துத்தான் வயிற்றில் இறங்கியது.

ஆளுக்கொரு சமாதானம் இருக்கிறது.
ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்.
தமிழ், பர்மியம், எதிர்வீட்டு மோன் என்று
மூணு பாஷையில் கொஞ்சினால் குழம்பாமல் என்ன செய்யும்?
கண்ணு பட்டிருக்கு. தனாக்காவைப் பட்டையா பூசு.
அண்ணன் சொல்கிறான்,
எனக்கே மூணு வயசில்தான் பேச்சு வந்ததாம்.
இப்போதும் அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.
மோட்டார் சைக்கிள் பட்டறையில்
நட்டுகளைப் பதினேழு டப்பாவில் பிரித்து வைத்திருப்பான்,
ஒன்று மாறினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

ராத்திரி போன் வெளிச்சத்தில் படித்தேன்.
ஆட்டிசம்.
கொசுவலைக்குள் ஒருமுறை சத்தமில்லாமல் சொல்லிப்பார்த்தேன்.
நான் டாக்டர் இல்லை.
கண்ணாடிக்குப் பவர் எழுதுவதுகூட முதலாளிதான்.
அதோடு, எது சொன்னாலும்
நாத்தனார் வாயிலிருந்து வந்தால் குறையாகத்தான் கேட்கும்.
வாரம் முழுக்க நாக்கின் நுனியில் வைத்திருந்தேன்.

புதன்கிழமை அண்ணி கடைக்கு வந்தாள்.
பவளம், இந்த நேரத்துக்கு வருகிறவள் இல்லை.
கண்ணாடி லூசாயிடுச்சு என்றாள்.
ஸ்க்ரூவைத் திருப்பினேன். இறுக்கமாகத்தான் இருந்தது.
பால் குடிக்கும்போது
என்னைப் பார்த்துச் சிரிப்பான், என்றாள்.
நின்னுபோச்சு.
என்னைக்குன்னுகூட எனக்குத் தெரியும்.
பிறகு, நீயும் பார்த்தியா?
பார்த்தேன்.
வேறொன்றும் பேசவில்லை.
நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.
அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

ரங்கூனில் ஒரு டாக்டர் இருக்கிறாராம்.
பஸ்ஸில் ஏழு மணி நேரம்,
வழியில் செக்போஸ்ட்டில் நிறுத்தாமல் விட்டால்.
அண்ணனிடம் யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

இன்று சாயங்காலம் கரண்ட் இருந்தது.
கூப்பிடாமல், கை தட்டாமல்,
அவன் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தேன்.
மூடி சுற்றியது, விழுந்தது, மறுபடி சுற்றியது,
என் தோளில் மோதி நின்றது.
எடுக்க வந்தவன்
என் முகத்துக்கு நேர்மேலே குனிந்து அப்படியே நின்றான்.
என் மூக்குக்கண்ணாடியில்
கூரை விசிறி சின்னதாக, இரண்டாகச் சுழன்றுகொண்டிருந்தது.
வெகுநேரம் அதைப் பார்த்தான்.

நான் இமைக்கவில்லை.